இரையில்லாத் தூண்டில்: யெல்லோஸ்டோன் ஆற்றங்கரைக் குறிப்புகள்

புதன், இரவு. கிளெண்டைவ், மொன்டானா

விடிகாலையில் மினியாபொலிஸில் கிளம்பி, ஐ-94 சாலையில் மேற்கே ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி இப்போதுதான் மோட்டலில் பையை இறக்கினோம். நான், சேலத்து அண்ணன், புதிதாக எங்கள் ஜமாவில் சேர்ந்த திருச்சித் தம்பி. தம்பி சைவம். மீன் பிடிக்கிற பயணத்துக்கு நீ எதற்கடா என்று கேட்டதற்கு, "கேமரா அசைவம்ணா" என்றான். சரி, ஏறு என்றோம்.

வட டகோட்டாவைக் குறுக்கே கடப்பது பொறுமைக்குச் சோதனை. புல்வெளி, எண்ணெய் பம்பு, மறுபடி புல்வெளி. இந்த அலுப்பு உள்ளூர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் ஜேம்ஸ்டவுனில் 1959-இல் 26 அடி உயரத்துக்குக் காட்டெருமை சிலை, நியூ சேலத்தில் 1974-இல் 38 அடிக்கு ஒரு பால்மாடு என்று வழிநெடுக வைத்திருக்கிறார்கள். மாட்டுக்குப் பெயர் சேலம் சூ. "சேலத்துக்காரன் நியூ சேலத்தைக் கும்பிடாம தாண்டிப் போனா ஊர்ல சேர்த்துக்குவாங்களாடா?" என்று அண்ணன் வண்டியை மலைமேல் விடச் சொன்னார். மாட்டின் மடிக்குக் கீழே நின்று ஒரு படம். அரை மணி நேரம் போச்சு.

வந்த காரியத்தைச் சொல்கிறேன். எங்கள் அலுவலக நண்பர் ஒருவருக்கு இந்த கிளெண்டைவ்தான் சொந்த ஊர். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டிய பெரியவர். ஒவ்வொரு வருஷமும் மே பாதியிலிருந்து ஜூன் முடிய இங்கே துடுப்பு மீன் (பேடில்ஃபிஷ்) சீசன். மலையில் பனி உருகி யெல்லோஸ்டோனில் வெள்ளம் ஏறும்போது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கீழேயிருந்து இந்த மீன்கள் முட்டையிட மேலே ஏறி வரும். பெரியவர் மூன்று வாரமாக சிட்னி என்ற ஊரில் உள்ள நீர்மானியின் கணக்கைத் தினமும் மகனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்: இன்று இத்தனை ஆயிரம் கன அடி, நேற்றைவிட இத்தனை அதிகம். தஞ்சாவூர்ப் பக்கம் ஜூன் மாதம் மேட்டூர் நீர்வரத்தை விசாரிக்கிற குரல் அப்படியே கேட்டது. திங்களன்று கிளம்பச் சொல்லித் தகவல் வந்தது.

உரிமம் மோட்டலில் உட்கார்ந்தே ஆன்லைனில் எடுத்தாயிற்று. மீன்பிடி உரிமம், வெளி உயிரினங்கள் நீரில் பரவாமல் தடுப்பதற்கென்று ஒரு கட்டணம், அதற்கும் மேலே துடுப்பு மீனுக்கான டேக், அதாவது வைத்துக்கொள்ளும் மீனில் கட்டுகிற அடையாளச் சீட்டு. யெல்லோஸ்டோனுக்கு மஞ்சள் டேக். ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு ஒரே மீன். அதோடு கதை முடிந்தது.

வியாழன், மாலை. இன்டேக்

கிளெண்டைவிலிருந்து வடகிழக்கே 16 மைல் போனால் இன்டேக். ஊர் என்று எதுவும் கிடையாது. காட்டன்வுட் மரங்களுக்கு நடுவே கூடாரம் போடுகிற இடம், ஒரு சின்னக் கடை, மீன் வெட்டும் கொட்டகை, அப்புறம் ஆறு. ஆற்றைப் பார்த்ததும் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. யெல்லோஸ்டோன் என்றால் பூங்காவில் பார்த்த பளிங்குத் தண்ணீர் என்று நினைத்திருந்தான் போல. இங்கே வருவதோ பாலைக் கலக்காத டீ நிறத்தில், மரக்கட்டைகளைச் சுமந்துகொண்டு விரைகிற வண்டல் வெள்ளம். கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியவில்லை.

இந்த இடத்தில் மீன் கூடுவதற்குக் காரணம் ஒரு தடுப்பணை. கரும்புக்குப் பதில் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு பல காலம் விளைந்த பகுதி இது. வயல்களுக்குத் தண்ணீர் திருப்ப 1900-களின் தொடக்கத்தில் மரச்சட்டமும் பாறையும் கொண்டு ஆற்றின் குறுக்கே தாழ்வாக ஒரு கட்டு போட்டார்கள். 50 ஆயிரம் ஏக்கருக்கு மேல் அந்தக் கால்வாயில்தான் பாய்கிறது. உயரம் குறைந்த கட்டுதான். ஆனால் அடியோடு நீந்தி வருகிற பெரிய மீனுக்கு அந்தப் பாறைச் சரிவும் சுழலும் போதும். ஏறி வந்த கூட்டம் அதற்குக் கீழேயே முட்டி மோதி நின்றுவிடும். நின்ற இடத்தில் மனிதன் தூண்டிலோடு நிற்கிறான்.

ஆனால் இந்தக் கூட்டத்தைப் பெருக்கியதும் இன்னொரு அணைதான் என்பது வேடிக்கை. கீழே மிசூரி ஆற்றில், வட டகோட்டாவில், 1953-இல் கேரிசன் அணையை மூடினார்கள். சகாகவேயா என்ற பிரம்மாண்ட ஏரி நிரம்பியது. ஏரி முழுக்க கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள்; துடுப்பு மீனுக்கு அதுதான் சோறு. ஏரியில் தின்று கொழுத்து, யெல்லோஸ்டோனுக்கு வந்து முட்டையிட்டு, திரும்பப் போய்த் தின்னும். 1962-இல்தான் இன்டேக்கில் யாரோ ஒருவர் வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் இந்த ராட்சசன் மாட்டினான். அதிலிருந்து ஊருக்கே பிழைப்பு மாறிவிட்டது.

மீனைச் சொல்லவில்லையே. செதில் கிடையாது, வழுவழுப்பான சாம்பல் தோல். உடம்பின் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு முன்னால் தட்டையான துடுப்பு மூக்கு. அதைக் கொண்டு மண்ணைக் கிளறித் தின்கிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். அப்படியில்லை. அந்த மூக்கில் பல்லாயிரம் நுண்துளைகள். மிதவை உயிரிகள் விடும் மிகச் சிறிய மின்துடிப்பை அவை உணர்கின்றன. கலங்கல் தண்ணீரில் கண் எதற்கு? கண்ணும் பேருக்குத்தான், மிளகளவு. இரை இருக்கும் இடத்தில் வாயை ஆவென்று திறந்துகொண்டு நீந்தும். செவுளில் உள்ள சல்லடை வடிகட்டிக்கொள்ளும்.

இங்கேதான் சிக்கல். வாயால் கடிக்காத மீனுக்கு எந்த இரையைக் குத்துவது? புழுவா, மாவா, இறாலா? எதையும் சீண்டாது. ஆகவே வழி ஒன்றுதான்: முள்ளைத் தண்ணீருக்குள் எறிந்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முள் மீனின் உடம்பில் எங்கேயாவது கொத்தினால் உண்டு.

பெரியவர் சாமான்களை எடுத்து வைத்தார். பத்தடிக்குக் குறையாத தடித்த ராடு. தேங்காய் அளவு ரீல். நூல் 80 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு. நுனியில் 5 அவுன்ஸ் ஈயக்குண்டு, கிட்டத்தட்ட 140 கிராம். குண்டுக்கு ஓரடிக்கு மேலே 8/0 அளவில் மூன்று முனை கொண்ட ஒரு கொக்கி, உள்ளங்கை அகலம். அண்ணன் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மீன் பிடிக்கவா, கிணத்துல விழுந்த வாளியை எடுக்கவா?" என்றார்.

முறை இப்படி: முடிந்தவரை தூரம் எறி. குண்டு அடியைத் தொடும் வரை பொறு. நரம்பு இறுகியதும் ராடை இடுப்பிலிருந்து பின்பக்கமாக வீசி ஓர் இழு. ராடை முன்னே கொண்டுபோகும்போது தளர்ந்த நரம்பைச் சுற்று. மறுபடி இழு. கரைக்கு வந்ததும் மறுபடி எறி. பத்து நிமிஷத்தில் தோள்பட்டை பேச ஆரம்பித்தது. அரை மணியில் கத்தியது. ஆற்றின் அடியெல்லாம் பாறை. முள் அதில் சிக்கினால் மீனா கல்லா என்று ஒரு விநாடி மனசு துள்ளும். கல்தான். நரம்பை அறுத்துவிட்டு மறுபடி முடிச்சுப் போட வேண்டும். கடைக்காரர் ஏன் ஈயக்குண்டை வாளி வாளியாக வைத்திருக்கிறார் என்பது அப்போது புரிந்தது.

கரையில் ஆளோடு ஆள் தோள் உரச நிற்கிறார்கள். வட டகோட்டா விவசாயிகள், பில்லிங்ஸ் நர்ஸ் ஒருவர், குடும்பத்தோடு வந்த பாட்டி. எல்லோரும் ஒரே பக்கம் எறிந்து ஒரே பக்கம் இழுக்கிறார்கள். யாருக்காவது மீன் மாட்டினால் "ஃபிஷ் ஆன்!" என்று உரக்கக் கத்த வேண்டும். உடனே அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் தங்கள் நரம்பைச் சுற்றிக்கொண்டு வழிவிட்டே ஆக வேண்டும். எழுதி வைக்காத சட்டம். மீறியவரை இந்தக் கரையில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை இன்டேக்கில் பிடித்து விடும் நாள். மீனைக் கரையில் போட்டு இழுக்காமல், ஓரத் தண்ணீரிலேயே முள்ளை எடுத்து அனுப்பிவிட வேண்டும். பெரியவர் அணைக்கட்டுக்கு நேர் கீழே, சுழல் திரும்புகிற ஓரத்தில் நின்றார். அவர் இழுப்பில் பதற்றமே இல்லை. கொஞ்ச நேரத்தில் ராடு வில்லாக வளைந்தது. மீன் முதலில் நகரவே இல்லை. பிறகு நீரோட்டத்தோடு சேர்ந்து கீழே பாய்ந்தது. ரீல் அலற அலற அவரும் கல்மேல் கல்லாகக் கால் வைத்து அதோடு நடந்தே போனார். இருபது நிமிஷம் கழித்து வால் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. சுறாவின் வாலேதான், மேல்மடல் நீண்டு. முள் முதுகுத் துடுப்புக்குப் பக்கத்தில் கொத்தியிருந்தது. பக்கவாட்டில் ஆறிப்போன பழைய தழும்புகள். கீழ்த்தாடையில் எண் போட்ட உலோக வளையம். மொன்டானா மீன்வளத் துறை மாட்டியது. பெரியவர் எண்ணைக் குறித்துக்கொண்டு முள்ளைக் கழற்றினார். மீன் அவசரப்படாமல் ஆழத்துக்கு இறங்கியது.

எனக்கும் மதியத்துக்கு மேல் ஒன்று மாட்டியது. அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் இழுத்தேன், அது இழுத்தது, அதுதான் அதிக நேரம் இழுத்தது. கடைசியில் பெரியவர் கைகொடுத்தார்.

ஆற்றின் அக்கரையில் 2022-இல் திறந்த மாற்றுக் கால்வாய் இருக்கிறது. இரண்டு மைல் நீளம். பேலிட் ஸ்டர்ஜன் என்ற, 1990 முதல் அழிவின் விளிம்புப் பட்டியலில் உள்ள மீன் அணையைச் சுற்றிக்கொண்டு மேலே போக வெட்டினார்கள். துடுப்பு மீன்களும் அதில் ஏறுகின்றன. இனி எல்லா மீனும் இங்கே நிற்காது என்று கரையில் சிலருக்கு முணுமுணுப்பு. எனக்கென்னவோ அந்த முணுமுணுப்பு நியாயமாகப் படவில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக மறித்து வைத்த வழி அது.

வெள்ளி, நள்ளிரவு நெருங்குகிறது

கை நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இன்று வைத்துக்கொள்ளும் நாள். ஆனால் இன்டேக்கில் இதற்கு ஒரு விதி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விதி. வைத்துக்கொள்ளும் நாளில் நீ கரைக்குக் கொண்டுவரும் முதல் மீனை வைத்துக்கொண்டே ஆக வேண்டும். சின்னது, இதை விட்டுவிட்டுப் பெரியதற்குப் பார்க்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கேயே டேக்கைக் கட்ட வேண்டும். பொறுக்கி எடுக்கவிட்டால் ஒவ்வொருவரும் பத்து மீனைக் குத்திக் காயப்படுத்திவிட்டு ஒன்றைக் கொண்டு போவார்கள். மொத்தமாகவும் ஓர் அளவு உண்டு. பல ஆண்டுகளாக ஆயிரம் மீன் என்பது கணக்கு. அதை நெருங்கினால் ஒரு நாள் அவகாசத்தில் அறிவித்து மூடிவிடுவார்கள்.

நான் எறிய ஆரம்பித்துக் கை சூடாகக்கூட இல்லை. கல் என்று நினைத்தேன். கல் நகர்ந்தது. "ஃபிஷ் ஆன்!" என்று கத்துவதற்குப் பதில் வாயில் வந்தது "அண்ணே, மாட்டிக்கிச்சு!" பக்கத்து ஆட்களுக்கு மொழி புரியாவிட்டாலும் தொனி புரிந்தது, வழி விட்டார்கள். சீக்கிரமே கரைக்கு வந்துவிட்டது. 26 பவுண்டு, கிட்டத்தட்ட 12 கிலோ. ஆண் மீன். ஊரில் என்றால் தோளில் போட்டுத் தெருவைச் சுற்றி வந்திருப்பேன். இங்கே பக்கத்தில் நின்ற நர்ஸ், துக்கம் விசாரிக்கிற குரலில், "உங்க சீசன் முடிஞ்சுதா?" என்றார். முடிந்தது. காலை ஏழரைக்கே.

அதற்கப்புறம் எனக்கு வேடிக்கைதான் வேலை. மீன் வெட்டும் கொட்டகையில் பாதி நாள் நின்றேன். இந்தப் பயணத்தில் நான் கண்ட சுவாரசியமெல்லாம் அங்கேதான்.

கிளெண்டைவ் வணிகர் சங்கம் 1990 முதல் நடத்தும் ஏற்பாடு இது. நீங்கள் மீனைக் கொடுத்தால் அவர்களே ஆய்ந்து, துண்டு போட்டு, பையில் கட்டித் தருவார்கள், காசு கிடையாது. பெண் மீனாக இருந்தால் சினையை அவர்களுக்கு நன்கொடையாகக் கொடுக்கலாம். அதை உப்பிட்டு கேவியராக விற்கிறார்கள். வரும் பணத்தில் ஒரு பங்கு மீன்வளத் துறையின் ஆய்வுக்கு, மிச்சம் சுற்றுவட்டார ஊர்களின் பொதுக் காரியத்துக்கு மானியமாக. அதற்கு முன்னால் இவ்வளவு சினையும் கரையிலேயே அழுகி நாறிக் கிடந்ததாம். தனி ஆள் இதை விற்க முடியாது, குற்றம்.

வெட்டுவதற்கு முன்னால் ஆய்வு. எடை, நீளம். நீளத்தை மூக்கிலிருந்து அளப்பதில்லை. கண்ணிலிருந்து வால் பிளவு வரை. மூக்கு படகில் அடிபட்டு உடைந்துபோன மீன்களும் உயிரோடு திரிகின்றன, அதனால் அதை நம்ப முடியாது. பிறகு ஒரு கல்லூரி மாணவி குறுங்கத்தியால் கீழ்த்தாடையின் ஒரு பக்கத்தை அறுத்து எடுத்து, உறையில் போட்டு எண் எழுதினாள். இந்த மீனின் உடம்பு பெரும்பாலும் குருத்தெலும்பு. நிஜமான எலும்பு என்று கைக்குக் கிடைப்பது தாடைதான். அதை மெல்லிய சீவலாக வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால் மரத்தில் இருப்பதைப் போல் வளையங்கள். வருஷத்துக்கு ஒன்று. இப்படி எண்ணித்தான் இந்தக் கூட்டத்தில் ஆண் முதிர ஒன்பது பத்து வருஷமும், பெண் முதிர பதினாறு பதினேழு வருஷமும் ஆகிறது என்று கண்டிருக்கிறார்கள். 1995-இல் பிறந்த குஞ்சுகள் ஏராளம் தப்பிப் பிழைத்ததும் இந்தத் தாடைக் கணக்கில்தான் தெரிந்தது. ஏரி மட்டம் நன்றாக ஏறிய காலம் அது. அப்படி நல்ல வருஷம் அடிக்கடி வருவதில்லை. ஆயிரம் என்ற கணக்குக்குக் காரணமும் அதுதான்.

அடுத்து வெட்டுபவர் என் மீனின் வாலுக்கு மேலே சுற்றிலும் தோலை மட்டும் கீறினார். வாலை ஒரு முறுக்கு முறுக்கி, சீராக இழுத்தார். வாலோடு சேர்ந்து உள்ளேயிருந்து வெள்ளையாக, ரப்பர் குழாய்த் தடிமனில் ஒன்று வந்துகொண்டே இருந்தது. முதுகெலும்புக்குப் பதில் அதற்கு இருக்கும் முதுகுநாண். முழுசாக வெளியே வந்தபோது நீளம் என் இடுப்பைத் தாண்டியது. தம்பி கேமராவை இறக்கிவிட்டு வெளியே போய்விட்டான். பிறகு தோலை உரித்து, பக்கவாட்டில் ஓடும் சிவந்த சதையை மொத்தமாகச் செதுக்கி எறிந்தார்கள். சேற்று வாடை அதில்தான் இருக்கிறதாம். மிச்சம் வெள்ளை வெளேர் என்று, முள்ளே இல்லாத சதை.

சாயங்காலம் அண்ணனுக்கு யோகம். நான் கொட்டகையில் இருந்தேன், தம்பி ஓடி வந்து, "அண்ணா, அண்ணனை மீன் ஆத்துக்குள்ள கூட்டிட்டுப் போகுது!" என்றான். போய்ப் பார்த்தால் அண்ணன் தொடை அளவு தண்ணீரில், ராடின் அடியை வயிற்றில் ஊன்றி, பின்னால் ஒருவர் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முக்கால் மணி நேரம். இடையில் ஒருமுறை ராடை யாரிடமாவது கொடுங்கள் என்றேன். பதிலுக்கு அண்ணன் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. 71 பவுண்டு. 32 கிலோ. பெண்.

கொட்டகையில் வயிற்றைக் கீறியதும் இரண்டு பக்கமும் கருஞ்சாம்பல் நிறத்தில் சினை சரிந்தது. தட்டில் வைத்து நிறுத்தார்கள்: 14 பவுண்டு. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "டேய் தம்பி, இவ்வளவு சினை... மிளகாய்த்தூள், சோம்பு, சின்ன வெங்காயம் போட்டுப் பிரட்டினா..." என்று தமிழில் என்னிடம் புலம்பினார். கொடுப்பது கட்டாயமில்லை, நாமே வைத்துக்கொள்ளவும் செய்யலாம் என்று நண்பர் சொன்னதும் இன்னும் தவிப்பு. சுவரில் அந்தப் பணத்தில் நடந்த வேலைகளின் படங்கள் மாட்டியிருந்தன. ஒரு சிறுவர் பூங்கா ஊஞ்சலை அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எடுத்துக்கச் சொல்லு" என்றார். சல்லடையில் தேய்த்து முட்டைகளை உதிர்த்து, குளிர்ந்த நீரில் அலசி, உப்புப் போட்டுக் கிளறும் வரை கூடவே நின்றார். ருசி பார்க்க ஒரு கரண்டி கொடுத்தார்கள். "உப்பு கம்மி, காரம் சுத்தமா இல்ல" என்பது அண்ணனின் தீர்ப்பு. எனக்கு நன்றாகவே இருந்தது. வெண்ணெய்ப் பிசுக்கோடு, கடைசியில் லேசாக ஆற்று மண் வாசனை.

71 பவுண்டெல்லாம் இங்கே சாதாரணம். மொன்டானாவின் சாதனை 1973-இல் மிசூரி ஆற்றில் பிடித்த 142.5 பவுண்டு. உலக சாதனை 2024-இல் மிசூரி மாநிலத்தின் ஓசார்க்ஸ் ஏரியில், 164 பவுண்டு 13 அவுன்ஸ். இதன் ஒரே நெருங்கிய உறவு சீனத்து யாங்சி ஆற்றில் இருந்தது, இதைவிடப் பெரியது. கடைசியாக உயிரோடு பார்த்தது 2003-இல். இனமே அற்றுப்போனதாக 2022-இல் அறிவித்துவிட்டார்கள். அங்கேயும் அணைதான் வழியை மறித்தது.

ஒரு விஷயம் கவனித்தேன். நேற்று அத்தனை லாகவமாகப் பிடித்த பெரியவருக்கு இன்று ஒன்றுமே மாட்டவில்லை. சுழல் ஓரத்தை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, வெகு கீழே, தண்ணீர் மெல்ல ஓடுகிற ஆழமில்லாத மணல் திட்டுப் பக்கம் நாள் முழுக்க எறிந்துகொண்டிருந்தார்.

சனி, மதியம். மக்கோஷிகா

டேக் தீர்ந்தவர்களுக்கு ஊர் சுற்றும் உரிமை உண்டு. கிளெண்டைவின் முதுகுக்குப் பின்னால் தெரியும் மொட்டை மலைகள்தான் மக்கோஷிகா, மொன்டானாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா. சாம்பலும் காவியும் கறுப்புமாக அடுக்கடுக்கான மண். மழை பெய்தால் பாதை வழுக்கும், வெயில் அடித்தால் நிழல் இல்லை. டைனோசர் காலத்தின் கடைசி ஏடு இந்த அடுக்குகளில் இருக்கிறது. பூங்காவின் வாசல் மையத்தில் ட்ரைசெராடாப்ஸ் மண்டையோடு வைத்திருக்கிறார்கள். 6.6 கோடி ஆண்டு. ஊருக்குள்ளேயே இன்னொரு அருங்காட்சியகத்தில் அதே டைனோசர்களைப் பைபிளின் படைப்புக் கதைப்படி வைத்து விளக்குகிறார்கள். ஒரே ஊரில் இரண்டு காலண்டர், சண்டை சச்சரவு இல்லை.

நான் இங்கே வர ஆசைப்பட்டது வேறு காரணத்துக்கு. இதே பாறை அடுக்கு தென்கிழக்கே வட டகோட்டா வரை போகிறது. அங்கே டானிஸ் என்று பெயரிட்ட ஓரிடத்தில், டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்த நாளில் மண்ணோடு மூடிப்போன மீன்கள் கிடைத்திருக்கின்றன. துடுப்பு மீன்களும் ஸ்டர்ஜன்களும். விண்கல் மோதியபோது உருகித் தெறித்த கண்ணாடித் துளிகள் அவற்றின் செவுளில் சிக்கியிருந்தன. விழுங்கிய அளவுக்குக்கூட உள்ளே போகவில்லை, அதற்குள் சாவு. எந்தப் பருவத்தில் அது நடந்தது என்று 2022 பிப்ரவரியில் நேச்சர் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? துடுப்பு மீனின் கீழ்த்தாடையைச் சீவி, வளையங்களைப் பார்த்து. கடைசி வளையம் வளரத் தொடங்கிய நிலையில் நின்றிருக்கிறது. வசந்த காலம்.

நேற்று அந்தப் பெண் உறையில் போட்டு எண் எழுதியதும் அதே எலும்புதான். அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ என் மீனுக்கு என்ன வயசுன்னு எப்போ சொல்லுவாங்க?" என்று கேட்டார். அவர் கவலை அவருக்கு.

சனி, இரவு

சமையல் குறிப்பு. கூடாரம் போடுகிற இடத்தில் நண்பரின் அடுப்பு, நாங்கள் கொண்டுபோன மசாலா. சதையைக் கட்டை விரல் அளவுத் துண்டாக நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, அரிசி மாவு, எலுமிச்சை. அரை மணி நேரம் ஊறல். எண்ணெயில் போட்டால் உடையவே இல்லை, அவ்வளவு கெட்டியான சதை. சுறாவுக்கும் கோழிக்கும் நடுவே ஒரு பதம். புட்டு செய்தால் உதிருமா என்று அண்ணன் சோதித்துப் பார்த்தார்; உதிரவில்லை, ரப்பராக நின்றது. வறுவல்தான் சரி. பக்கத்துக் கூடாரத்து விவசாயி வாசனை பிடித்து வந்து நாலு துண்டு தின்றுவிட்டு, கண்ணில் நீரோடு ஐந்தாவது கேட்டார். தம்பி தயிர் சாதமும் ஊறுகாயும். அன்று முழுக்க அவனுக்குத்தான் வயிறு சரியாக இருந்தது.

பெரியவருக்கு இன்றும் மீன் இல்லை. அதே மணல் திட்டு.

ஞாயிறு, ஃபார்கோவில் காபிக்கு நின்றபோது

ஞாயிறு மறுபடி பிடித்து விடும் நாள். கிளம்புமுன் சொல்லிக்கொள்ள இன்டேக் போனோம். பெரியவர் சுழல் ஓரத்துக்கே திரும்பி வந்துவிட்டார். நாங்கள் போய் நிற்கும்போதே ராடு வளைந்திருந்தது. அண்ணனுடையதைவிடப் பெரிய மீன், முள்ளைக் கழற்றி அனுப்பினார். உடனே அடுத்த எறி.

அண்ணனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. வைத்துக்கொள்கிற நாளில் இந்த இடத்தை விட்டுவிட்டு அந்த மணலில் ஏன் போய் நிற்கிறீர்கள், அங்கே மீனே இல்லையே என்று நேராகவே கேட்டுவிட்டார்.

பெரியவர் நரம்பைச் சுற்றிக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டினார். இந்த ஆள் வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு வேலையில்லாமல் போனதைப் பார்த்தீர்கள் அல்லவா, என்றார். வைத்துக்கொள்கிற நாளில் வீட்டில் சும்மா உட்காரவும் முடியாது, மீன் பிடித்துவிடவும் கூடாது. சீசன் கடைசி வாரம் டேக்கைக் கட்டிக்கொள்வாராம். அதற்குள் அளவு நிறைந்து மூடிவிட்டால்? போன வருஷம் அப்படித்தான் ஆயிற்று என்று நண்பர் குறுக்கே சொன்னார்.

மீன் பெட்டிக்கு பிஸ்மார்க்கில் ஒருமுறை ஐஸ் மாற்றினோம், இங்கே இன்னொரு முறை. அண்ணன் பின்சீட்டில் உட்கார்ந்து யார் யார் வீட்டுக்கு எத்தனை பை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு இதுவரை இரண்டு.